மாங்கூழ் கெட்டிலுக்கு ஒரு பேனல் போர்டு: கேள்வி பதில்

மே பிறந்தால் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் ரோடெல்லாம் மாம்பழ வண்டிதான். ஆலைக்குப் போனது போக மிஞ்சும் பெங்களூரா காயை வீட்டிலேயே கூழாக்கி விற்கலாம் என்று யோசிப்பவர்கள் இப்போது அதிகம். 50 லிட்டர் கெட்டில், அதற்கு ஹீட்டர், சூட்டைத் தானாகப் பிடித்து நிறுத்தும் ஒரு பேனல் போர்டு. அவ்வளவுதான் தேவை. ஓசூரில் பேனல் கட்டுவது என் பிழைப்பு. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இதோ. ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பேனலுக்குள் வயரிங்கை நீங்களே கற்றுக்கொண்டு செய்யலாம், ஆனால் மெயின் இணைப்பு கொடுக்க லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சந்தூர் தோட்டக்காரர்: அண்ணா, 50 லிட்டருக்கு எத்தனை கிலோவாட் ஹீட்டர் வேணும்? ஒரு கடையில் 3 போதும்னாங்க, இன்னொரு கடையில் 9 போடச் சொல்றாங்க.

கணக்குப் போட்டுவிட்டால் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். 50 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 90-க்குக் கொண்டுபோக சுமார் 13,600 கிலோஜூல், கரண்ட் கணக்கில் 3.8 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் ஒன்றேகால் மணி நேரம், 6 கிலோவாட் என்றால் 40 நிமிடத்துக்குள். ஜாக்கெட் தண்ணீர் (கெட்டிலின் இரட்டைச் சுவருக்குள் நிற்பது), பாத்திரம், காற்றில் போகும் சூடு எல்லாம் இருப்பதால் இதோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

இது 230 வோல்ட் முழுசாக வந்தால். சாயங்காலம் உங்கள் ஊரில் 190-க்கு இறங்கினால் 6 கிலோவாட் ஹீட்டர் 4.1 கிலோவாட் வேலைதான் செய்யும். வோல்டேஜ் குறைகிற விகிதத்தில் இல்லை, அதன் வர்க்கத்தில் பவர் குறையும். அதனால் 3 பத்தாது, 9 தேவையில்லை. 2 கிலோவாட் எலிமென்ட் (சூடேறும் கம்பி) மூன்று, ஃபேஸுக்கு ஒன்றாக ஸ்டாரில் போடுங்கள், அதாவது ஒரு முனை அதனதன் ஃபேஸில், மறுமுனை மூன்றும் நியூட்ரலில். ஃபேஸுக்கு 8.7 ஆம்ப்தான் இழுக்கும். அதே 6 கிலோவாட்டை சிங்கிள் ஃபேஸில் போட்டால் 26 ஆம்ப். வீட்டு வயரிங் தாங்காது. 230 வோல்ட் எலிமென்ட்டைத் தெரியாமல் டெல்டாவில் (ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே) கட்டிவிட்டால் 415 வோல்ட் ஏறி மூன்றேகால் மடங்கு பவர் இழுக்கும். சில நிமிடத்தில் புகைதான்.

காவேரிப்பட்டணம், மகளிர் குழு: சார், கூழ் அடி பிடிக்குது. எலிமென்ட்டை நேராக் கூழுக்குள்ளயே விட்டா சீக்கிரம் சூடாகுமா?

வேண்டாம்மா. தண்ணீர் சூடானால் மேலே எழும்பும், புதுத் தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். கூழ் கெட்டி, நகராது. எலிமென்ட்டைத் தொட்ட கூழ் அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும், வாசனை மொத்தப் பாத்திரத்துக்கும் போய்விடும். இரட்டைச் சுவர் கெட்டில் வாங்குங்கள். எலிமென்ட் வெளிச் சுவருக்குள் இருக்கும் தண்ணீரில், கூழ் உள்ளே. கூடவே மெதுவாகச் சுற்றும் கலக்கி. அந்த ஜாக்கெட்டுக்கு மேலே திறந்த குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதை அடைத்தால் உங்கள் சமையலறையில் இருப்பது கெட்டில் இல்லை, பாய்லர்.

கூழ் 90 டிகிரியைத் தொட்டதும் சூடு 85-க்குக் கீழே இறங்கும் முன் பாட்டிலில் நிரப்பி மூடிவிட வேண்டும். இந்தச் சூடு போதுமென்பது பிஎச் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்கிற கூழுக்குத்தான். ரொம்பப் பழுத்த பழத்தில் புளிப்பு போய்விடும். சிட்ரிக் அமிலம் சேர்த்து, பிஎச் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்கை நம்பாதீர்கள்.

கிருஷ்ணகிரி, ஐடிஐ முடித்தவர்: பேனலுக்குள்ள என்னென்ன போடணும், எந்த வரிசையில?

பலரும் சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கண்ட்ரோலரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போகும் இடம் அது இல்லை.

ஹீட்டரை ஆன் ஆஃப் செய்வது எஸ்எஸ்ஆர், அதாவது அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ரிலே. சத்தமில்லை, தேய்மானமில்லை, நொடிக்கு நொடி திறந்து மூடலாம். ஆனால் அது சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது ஹீட்டர் ஆனிலேயே நின்றுவிடும். பிஐடி "நிறுத்து" என்று சொல்லும், கேட்க ஆள் இருக்காது. கண்ட்ரோலர் 2,000 ரூபாயோ 20,000 ரூபாயோ, இதில் வித்தியாசமில்லை.

அதனால் எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு காண்டாக்டர், காயிலில் கரண்ட் இருக்கும்வரை மட்டும் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச். அந்தக் காண்டாக்டர் காயிலுக்குப் போகும் ஒரே வயரில் வரிசையாக இவை எல்லாம் வரட்டும்: எமர்ஜென்சி ஸ்டாப், சிவப்பு பட்டன், ஜாக்கெட் தண்ணீர் குறைந்தால் திறக்கும் ஃப்ளோட் சுவிட்ச், எலிமென்ட் பக்கத்தில் நிற்கும் கேபிலரி தெர்மோஸ்டாட் (சூடு மீறினால் தானே திறக்கும் சுவிட்ச்), கூழில் சென்சார் விட்ட இரண்டாவது மீட்டரின் அலாரம் தொடர்பு. தெர்மோஸ்டாட்டை 110-ல் வையுங்கள். திறந்த ஜாக்கெட்டில் தண்ணீர் இருக்கும்வரை அவ்வளவு சூடு வரவே வராது, வந்தால் வறண்டுவிட்டது என்று அர்த்தம். கூழ் மீட்டரின் அலாரத்தை 94-ல் வையுங்கள். இதில் எது திறந்தாலும், அதாவது தொடர்பை விட்டாலும், காண்டாக்டர் விழும், ஹீட்டர் நிற்கும். எதுவும் பிஐடியின் சொல்லுக்குக் காத்திருக்காது என்பதுதான் இதன் அழகு.

ஓட வைக்கும் பச்சை பட்டனுக்கு இணையாகக் காண்டாக்டரின் துணைத் தொடர்பைக் கட்டினால், பட்டனிலிருந்து கையை எடுத்தாலும் காண்டாக்டர் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தால் யாராவது வந்து பச்சையை அழுத்தினால்தான் ஓடும். நம்ம ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் வரும். ஆளில்லாத கொட்டகையில் ஹீட்டர் தானாக ஓடக்கூடாது.

அப்புறம் மற்றவை. நாலு போல் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழுவது) 30 மில்லிஆம்ப், ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தனி எம்சிபி (ஓவர்லோடு ஆனால் விழுவது), 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், முனைக்கு லக்கு போட்டு கிரிம்ப். எஸ்எஸ்ஆரில் ஓடும் ஒவ்வொரு ஆம்புக்கும் சுமார் ஒரு வாட் சூடு வரும், மூன்றுக்கும் சேர்த்து 25, 30 வாட். ஏப்ரல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது பெரிய விஷயம். எஸ்எஸ்ஆரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க்கின் துடுப்புகளைப் பெட்டிக்கு வெளியே நீட்டிவிடுங்கள், இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தும் பேஸ்ட் தடவ மறக்காதீர்கள். காற்றுக்காக அடியில் ஓட்டை போட்டு விட்டுவிடாதீர்கள், பல்லி அதைத்தான் தேடும்.

அதே நபர்: ஆர்சிசிபி இருக்கும்போது எம்சிபி எதுக்கு?

ஆர்சிசிபி கசிவை மட்டும் பார்க்கும், எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்காது. ஓவர்லோடு ஆனாலும் சும்மா இருக்கும். இரண்டும் வேண்டும்.

பர்கூர், கல்லூரி மாணவர்: பிடி100 சென்சார் போட்டேன். ஐஸ் தண்ணீரில் 6 டிகிரி காட்டுது. சென்சார் போலியா?

சென்சாரைத் திட்டாதே தம்பி, வயரைப் பார். பிடி100 பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.385 ஓம் ஏறும். நீ நடுவில் சாதா வயரைச் சேர்த்து நீட்டியிருந்தால் அந்த வயரின் ஓமையும் மீட்டர் சூடாகவே எண்ணும். 1 ஓம் கூடினாலே 2.6 டிகிரி கூடிவிடும். மூன்று வயர் சென்சார் இருப்பதே இதைக் கழிக்கத்தான். இரண்டு வயர் ஒரே நிறம், ஒன்று வேறு நிறம். மல்டிமீட்டரில் ஒரே நிற இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. வேறு நிறத்தோடு தொட்டால் 30 டிகிரி அறையில் 111.7 ஓம் காட்ட வேண்டும். காட்டினால் சென்சார் நல்லது. மூன்று வயரையும் ஒரே கேபிளில் மீட்டர் வரை கொண்டுபோ, ஹீட்டர் வயரோடு ஒரே குழாயில் விடாதே.

இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வைத்து போனில் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக. பார்க்க, பதிவு செய்ய. நிறுத்தும் வேலையை அதனிடம் கொடுக்காதே.

ஓசூர், ஊறுகாய் தயாரிப்பவர்: தண்ணீர் கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, மீட்டர் 97-லேயே நிக்குது. 100 செட் பண்ணியும் ஏறல. கண்ட்ரோலர் வீணா?

கண்ட்ரோலர் உண்மையைத்தான் சொல்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100-க்கு ஏறவே ஏறாது. நீங்கள் 100 என்று செட் செய்தால் பிஐடி இன்னும் மூன்று டிகிரி பாக்கி என்று நினைத்து ஹீட்டரை நூறு சதவீதத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஆவியாகி மீட்டர் ரீடிங்தான் ஏறும், ஈபி மீட்டர். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் 98-ஐ ஒட்டிக் கொதிக்கும். ஜாக்கெட்டை எந்த ஊரிலும் 95-க்கு மேல் வைக்காதீர்கள். ஆட்டோ டியூன் (கண்ட்ரோலர் தன்னைத்தானே சரிசெய்துகொள்வது) செய்யும்போதும் இதே விதி. கெட்டிலில் நிஜமான சரக்கு இருக்க வேண்டும், செட் புள்ளி கொதிநிலைக்குக் கீழே இருக்க வேண்டும். சைக்கிள் நேரம் (ஒரு ஆன் ஆஃப் சுற்று) எஸ்எஸ்ஆருக்கு 2 நொடி போதும்.

பாலக்கோடு, தக்காளி விவசாயி: விலை விழுந்தா ரோட்ல கொட்டுறோம். இதே கெட்டில்ல சாஸ் போட்டா?

சூடாக்கலாம், வற்ற வைக்க முடியாது. இரண்டும் வேறு. 50 லிட்டரைச் சூடாக்க 3.8 யூனிட் என்று மேலே சொன்னேன். அதிலிருந்து பாதி, 25 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 15 யூனிட்டுக்கு மேல் போகும், 6 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம். விலை விழுந்த தக்காளிக்கு அது கட்டுபடியாகாது. வற்ற வைப்பதை விறகடுப்பில் அகலப் பாத்திரத்தில் செய்யுங்கள். கடைசியாகச் சூடு பிடித்துப் பாட்டிலில் நிரப்பும் வேலைக்கு மட்டும் பேனல் போதும்.

ஓசூர், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்: வெளிநாட்டில் வீட்டிலேயே பியர் காய்ச்சறவங்க இதே மாதிரி பேனல் வெச்சிருக்காங்களே. நாமும்...?

நீங்கள் விட்ட மூன்று புள்ளி எனக்குப் புரிகிறது. பேனல் அதே இனம்தான். அவர்களுக்கு மூன்று பாத்திரம்: வெந்நீர் ஒன்று, முளைகட்டிய பார்லி மாவை 65, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வைக்க ஒன்று, கொதிக்க வைக்க ஒன்று. இரண்டு டிகிரி மாறினால் சர்க்கரை மாறி ருசியே மாறிவிடும் என்பதால்தான் அவர்கள் பிஐடிக்கு அலைகிறார்கள். அமெரிக்காவில் 240 வோல்ட்டில் 5,500 வாட் எலிமென்ட் போடுவார்கள். அதை இறக்கி இங்கே 230-ல் மாட்டினால் சுமார் 5,050 வாட்தான். அந்த வயரிங் படத்தையும் அப்படியே இங்கே எடுக்க முடியாது. அங்கே இரண்டு வயரும் ஃபேஸ் மாதிரி உயிருள்ளவை, நமக்கு ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல்.

ஆனால் தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ராஜாஜி அந்த மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ல். அன்றைக்கு தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன. நீங்கள் மாங்கூழ் காய்ச்சுங்கள்.

ஊத்தங்கரை: கிணத்து மோட்டார் சர்வீஸ்ல த்ரீ ஃபேஸ் இருக்கு, இலவசம்தான். அதுலயே எடுத்துக்கலாமா?

கூடாது. விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பில் வியாபாரம் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் வரும், உரிய கட்டணத்தில் இரு மடங்கு போடுவார்கள். சிறு தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.

பென்னாகரம்: போர் தண்ணி ஊத்தலாமா ஜாக்கெட்டுல?

ஊற்றினால் ஒரு சீசனில் எலிமென்ட் மேல் வெள்ளையாக உப்பு படிந்து சூடு வெளியேறாமல் உள்ளேயே எரிந்துபோகும். ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதைப் பிடித்து ஊற்றுங்கள், இல்லையென்றால் மழைநீர். ஃப்ளோட் சுவிட்ச்சின் தண்டிலும் உப்பு பிடித்து அது மேலேயே மாட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை கையால் அமுக்கிப் பாருங்கள். காண்டாக்டர் "டக்" என்று விழ வேண்டும்.

போச்சம்பள்ளி: போன வருஷம் நல்லா ஓடின பேனல். ஜூலையில் நிறுத்தினது, இப்ப ஆன் பண்ணினா ஆர்சிசிபி உடனே விழுது. எல்லாத்தையும் மாத்தணுமா?

எதையும் மாற்றும் முன் எலிமென்ட்டைப் பாருங்கள். அதன் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். சும்மா கிடக்கும் மாதங்களில் முனை வழியாக ஈரம் ஏறிவிடும், அது எர்த்துக்குக் கசியும். மெயினை ஆஃப் செய்து, மூன்று எலிமென்ட்டின் வயர்களையும், நியூட்ரலையும் சேர்த்து, கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் பேனல் சுத்தம். மறுபடி மெயினை ஆஃப் செய்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஒவ்வொரு எலிமென்ட்டாக உடம்புக்கும் முனைக்கும் நடுவே பாருங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே இருப்பதுதான் ஈரம் குடித்தது. கழற்றி, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரும்பவில்லை என்றால் மாற்றுங்கள். ஆர்சிசிபியை மட்டும் பைபாஸ் செய்து ஓட்டச் சொல்லி யாராவது வருவார்கள், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.