கதிரியக்கத் தூசியை அளப்பது: கேள்வி பதில்

அணு உலை விபத்திலும் அணுகுண்டுச் சோதனையிலும் காற்றில் பரவிப் படியும் கதிரியக்கப் பொருள்கள்தான் கதிரியக்கத் தூசி.

கேள்வி: அந்தத் தூசி பாலில் கலந்திருக்குமோ என்று, கைகர் கருவியை (கதிர்வீச்சைக் காட்டும் கைக்கருவி) பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அளவு ஏறவே இல்லை. அப்படியானால் குடிக்கலாமா?

பதில்: அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கைக் கதிர்வீச்சு எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. உணவில் உள்ள சிறு அளவு அதில் அமுங்கிவிடும். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2012 ஏப்ரல் முதல், பாலில் கதிரியக்க சீசியம் கிலோவுக்கு 50 பெக்கரலுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது ஜப்பான். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். அவ்வளவு குறைவானதைக் கைக்கருவி காட்டாது. மாதிரியை ஈயக் கூண்டுக்குள் காமா கதிரைப் பிரித்தறியும் ஜெர்மானியம் உணர்வியின் மேல் வைத்து, மணிக்கணக்கில் எண்ண வேண்டும்.

கேள்வி: உடம்புக்குள் போனதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: சீசியம்-137 என்றால் எளிது. அதன் காமா கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும். முதலில் குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்வார்கள். சட்டையில் ஒட்டிய தூசிகூட உடம்புக்குள் இருப்பதுபோல் காட்டிவிடும். அப்புறம் தடித்த இரும்பு அறைக்குள் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த இரும்பே 1945-க்கு முன் உருக்கப்பட்டது. பிறகு வந்த இரும்பில் குண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் கலந்துவிட்டது.

திரையில் பொட்டாசியம்-40 தெரிந்தால் பயப்படாதீர்கள். வளர்ந்த எவர் உடம்பிலும் சுமார் 4,000 பெக்கரல் இயற்கையாகவே உண்டு.

கேள்வி: விபத்து நடந்து ஆறு மாதம் கழித்துத் தைராய்டைச் சோதிக்கலாமா?

பதில்: கட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் தைராய்டில் போய்ச் சேரும் கதிரியக்க அயோடின்-131 எவ்வளவு என்று அப்போது அளக்க முடியாது. எட்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். செர்னோபில் அணு உலை விபத்தின்போது, 1986 மே, ஜூனிலேயே, தைராய்டு இருக்கும் கழுத்தில் கருவி வைத்து ஏராளமானோரை அளந்தார்கள். அந்த அயோடின் பால் வழியாகவே அதிகம் உள்ளே போனதால், விட்டுப்போனவர்களுக்கு, அந்த நாட்களில் எவ்வளவு பால் குடித்தார்கள் என்று பின்னாளில் கேட்டுத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. குழந்தைகளை முதல் வாரங்களிலேயே அளந்தாக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: தூசியில் வரும் ஸ்ட்ரான்சியம்-90 உடம்புக்குள் போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அது வெளிவிடுவது பீட்டா கதிர். உடம்புக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அந்த இரும்பு அறையில் தெரியாது. சிறுநீரை வேதியியல் முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். கால்சியம்போல் எலும்பிலும் பல்லிலும் சேர்வதால், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1958-லிருந்து விழுந்த பால்பற்களைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கினார்கள். சுமார் 3 லட்சம் பற்கள் சேர்ந்தன! குண்டுச் சோதனைகள் பெருகப் பெருக, அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களிலும் ஸ்ட்ரான்சியம் ஏறியிருந்தது.

கேள்வி: மண் மாதிரியை எங்கே எடுப்பது?

பதில்: உழாத, மழைநீர் தேங்காத, மரநிழல் விழாத சமதளத்தில். சீசியம் பெரும்பாலும் மேல் சில சென்டிமீட்டரிலேயே களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். பரப்பளவையும் ஆழத்தையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.