கறள் முதலில், பெயின்ற் கடைசியில்

போன மாதம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டு மொறிஸ் மைனரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. அதனால் இம்முறை எல்லாக் கேள்வியும் இங்கிலாந்தில் செய்யப்பட்டு எங்கள் ஊர்களில் வயது போன சின்னக் கார்களைப் பற்றியவை. கொக்குவிலில் 41 வருடம் கராஜ் வைத்திருந்தவன் நான். கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா காலமானபின் அவருடைய 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கரவெட்டி வீட்டுக் கொட்டிலில் 14 வருடமாக அப்படியே நிற்கிறது. ஆடி மாதம் பிள்ளைகளோடு வருகிறேன். புதுப் பற்றரி போட்டு ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா? முதலில் பெயின்ற் அடிப்போம் என்கிறார் மச்சான்.
(வாசகி, லண்டன்)

தங்கச்சி, ஸ்ராட் பண்ணவே வேண்டாம். 14 வருடம் அசையாத எஞ்சினில் பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்ராட்டர் மோட்டர் இழுக்கிற இழுவையில் வளையம் உடைந்தால், சும்மா திறந்து பூட்டியிருக்கக்கூடிய எஞ்சின் போறிங்குக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கிற வேலைக்கு, போய்விடும். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் காரோடு வந்த ஹாண்டிலை முன் பம்பர் ஓட்டைக்குள்ளால் போட்டு, பிளக் இல்லாமலே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ராங்கில் கிடக்கும் பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும். அதை முழுக்க வடித்துவிட வேண்டும். நாலு சக்கரத்திலும் பிறேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், அவற்றைக் கழற்றாமல் காரை றோட்டில் இறக்காதீர்கள்.

பெயின்ற் விடயத்தில் மச்சான் சொல்வது பிழை. மைனருக்கு உடம்பைத் தாங்கத் தனி இரும்புச் சட்டம் கிடையாது. தகரமே அதன் எலும்பு. வெளியே மினுங்குகிற காரின் அடியில் எலும்பு உக்கிப் போயிருக்கலாம். பாயைத் தூக்கிவிட்டு, ஒரு சின்ன ஸ்குறூ டிறைவரால் நாலு இடத்தைக் குத்திப் பாருங்கள்: கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிச் சட்டம், முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் தாங்கி, பின் ஸ்பிறிங் மாட்டுகிற இடம், ஜாக் வைக்கிற இடம். டொக் என்று சத்தம் வந்தால் தகரம். மெத்தென்று உள்ளே போனால் கறள். பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பள்ளத்தை மறைக்கப் பூசிய புட்டி.

என்னிடம் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு கராஜில் பெருந்தொகை கொடுத்து றிப்பெயார் செய்த கார் அது. கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஜாக்கை வைத்து உயர்த்தினேன், கார் எழும்பவில்லை, ஜாக் உள்ளே போனது. பெட்டிச் சட்டத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து மேலே புட்டி பூசியிருந்தார்கள். அந்த மனிதர் அதில் தன் பேரப்பிள்ளைகளை ஏற்றி ஓடிக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஆகவே கறளை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவது முதல் வேலை, பிறேக் இரண்டாவது, எஞ்சின் மூன்றாவது. பெயின்றுக்கு அடுத்த வருடம் வாருங்கள்.

லண்டனுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மைனருக்குக் குறைவில்லை. 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அப்பாவின் கார் அப்பா ஓடிய ஒழுங்கையிலேயே நிற்கட்டும் என்பதுதான் என் விருப்பம்.

காலையில் நன்றாக ஓடுகிறது. மருதனார்மடம் தாண்டியதும் கொதிக்கிறது. றேடியேற்றரைக் கழுவிவிட்டேன், தெர்மோஸ்ராட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஆனாலும் கொதிக்கிறது.
(வாசகர், சுன்னாகம்)

என்ன தண்ணீர் விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கிணற்றுத் தண்ணீர் என்றே நினைக்கிறேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் உங்கள் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கிறது. றேடியேற்றரை மட்டும் கழுவினால் போதாது. எஞ்சின் புளொக்கின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பைப் இருக்கிறது, திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது, சேறு அடைத்திருக்கும். பின் கோடியில் இருக்கும் நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் அந்தச் சேறு கூடுதலாகச் சேரும். பைப்பைக் கழற்றிக் கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸால் அடியுங்கள். தெர்மோஸ்ராட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறக் கனநேரம் எடுக்கும், தேய்வும் கூடும். இனிமேல் மழைத் தண்ணீரோ வடித்த தண்ணீரோ மட்டும் விடுங்கள். நான் மாரியில் ஓட்டுத் தண்ணீரைக் கானில் பிடித்து வருடம் முழுக்க வைத்திருப்பேன்.

முன் சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மெல்லத் திருப்பும்போது மட்டும் கேட்கிறது. ஓடலாமா?
(வாசகர், மட்டக்களப்பு)

ஓடாதீர்கள் தம்பி. இதை வாசித்தவுடன் காரை நிற்பாட்டுங்கள்.

மைனரின் முன் சக்கரத்தைத் தாங்குகிற கால் மேலும் கீழும் மரையில் நிற்கிறது. போல்ற்றும் நட்டும் மாதிரித்தான். அந்த நட்டு மாதிரித் துண்டுக்கு ட்ரனியன் என்று பெயர். கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் கால் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து, கார் மண்டியிட்டுவிடும். மெல்லத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். 1987இல் கோண்டாவில் சந்தியில் என் சொந்தக் காரிலேயே நடந்தது. பக்கத்தில் அம்மா இருந்தா. ஐந்து மைல் வேகத்தில் போனதால் தப்பினோம். அதற்கு முந்தைய ஆறு மாதம் நான் கிறீஸ் அடிக்கவில்லை.

ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்று கிறீஸ் நிப்பிள் இருக்கிறது. 1,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு, பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது அடித்தால் கிறீஸ் தேவையான பக்கத்துக்குப் போகாது. சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு கிறீஸ் அடித்துப் பயனில்லை. காலையும் ட்ரனியனையும் சேர்த்து மாற்றுங்கள்.

பொனற்றின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு பட்டை மேடாக இருக்கிறதே, அது ஏன்?
(7ஆம் வகுப்பு மாணவன், நல்லூர்)

நல்ல கேள்வி மகன். இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியை வரைந்தவரும் அவர்தான். கார் முடிகிற நேரத்தில் அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் கூட்டினால் வடிவாக இருந்தது. நீ பார்க்கும் பட்டை அந்த 4 அங்குலம்தான். ஸ்கேல் வைத்து அளந்து பார்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்று அப்பா சொல்வார். ரொறன்ரோவில் என் நண்பர்கள் நம்புகிறார்கள் இல்லை. உண்மையா, எப்படி ஓடின?
(வாசகர், ரொறன்ரோ)

உண்மை. நானே அப்படி நூற்றுக்கு மேற்பட்ட கார்களை மாற்றிக் கொடுத்தேன்.

பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்ட காலம் அது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோல் வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் ஊற்றி, சேலைன் குழாயால் காபிறேற்றருக்கு இழுத்துவிடுவோம். எஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடு இறங்கக்கூடாது என்பதற்காக றேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டை கட்டுவோம். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காமல் எஞ்சினைத் தட்ட வைக்கும். ஆகவே எஞ்சின் மூடியான ஹெட்டுக்கு அடியில், இடைத்தகடான காஸ்கற்றை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு அழுத்தத்தைக் குறைப்போம். புதிய யப்பான் எஞ்சின்கள் இதற்கு மசியவில்லை. மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் பொறுத்துக்கொண்டன.

ஆனால் ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறையாது, கூடிக்கொண்டே போகும். எண்ணெய் கூடுகிறது என்று சந்தோசப்பட்ட பலர், நீர்த்துப்போன எண்ணெயால் பெயரிங்கைத் தின்னக் கொடுத்தார்கள். நான் கடைக்காரரைக் கெஞ்சி எண்ணெய் வாங்கி அடிக்கடி மாற்றினேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் வலிகாமமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது எங்கள் காரும் அப்படித்தான் போனது. அதற்குள் அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி, மூன்று குழந்தைகள், ஒரு தையல் மெசின். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். எஞ்சின் கொதித்தது. குழந்தைகளுக்கு வைத்திருந்த தண்ணீரை றேடியேற்றருக்கு ஊற்றுவதா என்று நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊற்றவில்லை. எஞ்சினை நிற்பாட்டி இறங்கித் தள்ளினோம். முன்பின் தெரியாத ஆறேழு பேர், தலையில் மூட்டையோடு, ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கைதடியில் காரைத் திரும்ப ஸ்ராட் பண்ணினேன். அந்தக் கார்தான் இன்றும் என் வாசலில் நிற்கிறது.

மைனருக்கு யப்பான் எஞ்சின் போட்டால் என்ன? இன்னொன்று, போன் சார்ஜர் பூட்டினேன், புகைந்துவிட்டது.
(வாசகர், வவுனியா)

சார்ஜர் புகைந்ததற்குக் காரணம், உங்கள் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய சாமான்கள் எல்லாம் அதற்கு எதிர்மாறு. ஒரு நல்ல ஓட்டோ எலெக்ரீசியனிடம் காரை முழுக்க மாற்றிக் கொள்ளுங்கள், அல்லது சார்ஜர் வேண்டாம்.

எஞ்சினை மாற்றாதீர்கள். உங்கள் 948 சீசீ எஞ்சின் இனத்தைத்தான் ஒஸ்ரின் ஏ35க்கும் மினிக்கும் போட்டார்கள், சாமான் இன்றும் கிடைக்கிறது. கூடிய பலமுள்ள எஞ்சினைப் போட்டால் பிறேக், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாம் மாற்ற வேண்டிவரும். கடைசியில் மைனரின் தோலுக்குள் வேறொரு கார்தான் இருக்கும். ஒரு விடயம் மட்டும் கவனியுங்கள்: ஈயமில்லாப் பெற்றோலில் எக்சோஸ்ற் வால்வின் இருக்கை மெல்லத் தேயலாம். வால்வு இடைவெளி 12 தௌ, அதாவது ஆயிரத்தில் 12 அங்குலம். அது அடிக்கடி குறைந்துகொண்டு வந்தால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கை போடுங்கள்.

ஸ்பானரும் அங்குலக் கணக்கில் வாங்குங்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். 13ஆம் நம்பர் ஸ்பானர் பிடிப்பதுபோல இருக்கும், ஆனால் இறுகிய நட்டின் மூலையை உருட்டிவிடும்.

சாமான் எங்கே வாங்குவது?
(பலர்)

பிரித்தானியாவில் ஏறக்குறைய எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. அங்கே பாத் நகரில் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இலங்கையிலேயே தகரப் பாகங்கள் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார். எங்கள் நாட்டுத் தொழிலாளர் கையால் அடித்த தகரம் அங்குள்ள கார்களில் ஒட்டப்பட்டது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். றப்பர், பிறேக் சாமான்கள் பாரமில்லாதவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுங்கள்.

என் 1960 காரில் கதவுத் தூணிலிருந்து வெளியே வரும் கைகாட்டி இடப்பக்கம் பாதியில் நிற்கிறது. கழற்றிவிட்டு மின்னும் லைற் போடச் சொல்கிறார்கள்.
(வாசகி, பருத்தித்துறை)

கழற்ற வேண்டாம். மின்னும் லைற்றையும் கூடப் போடுங்கள், ஏனென்றால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் பிள்ளைகள் கதவுத் தூணைப் பார்ப்பதில்லை. கைகாட்டி பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தூசிதான். கையால் மெதுவாகத் தூக்கிப் பிடித்து, பிறஷ்ஷால் துடைத்து, அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரே ஒரு துளி விடுங்கள். இரண்டு துளி விட்டால் தூசி திரும்ப ஒட்டும். அதற்குள் இருக்கும் நீளமான சின்ன பல்ப் எரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஆறு பல்ப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.