பழைய டிரெய்லரின் கேஸ் லைன்: ஒட்டுப்போடலாமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் இருக்கிறோம். 1960-களில் செய்த ஷாஸ்டா டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு) ஒன்றை விலை பேசி வருகிறோம். 16 அடி நீளம், பின்பக்கம் இரண்டு இறக்கை வைத்த மாடல். ஸ்டவ், சுவரில் ஒரு கேஸ் விளக்கு, உள்ளே சூடேற்றும் சின்ன ஃபர்னஸ் மூன்றும் ப்ரோபேனில் ஓடுபவை. விற்பவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டி, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அடியில் குனிந்து பார்த்தால் செம்புக் குழாய் பச்சை பூத்துக் கிடக்கிறது, இரண்டு இடத்தில் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய இடத்தை மட்டும் வெட்டி இணைத்தால் போதாதா? இந்த வேலையை நானே செய்யலாமா?

பதில்: ஸ்டவ் எரிகிறது என்றால் சிலிண்டரிலிருந்து ஸ்டவ் வரை கேஸ் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். வழியில் எங்கே கசிகிறது என்பது அந்தத் தீயில் தெரியாது. மூக்கையும் முழுதாக நம்ப முடியாது. ப்ரோபேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். உள்ளே துருப்பிடித்த சிலிண்டரில் அந்த நாற்றம் மங்கிப்போவது உண்டு. சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் அது சரியாக எட்டாது. ப்ரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையோடு தரையாக, கட்டிலுக்கு அடியிலும் அலமாரியின் கீழ்த்தட்டிலும் போய்த் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அழுத்தச் சோதனை கேளுங்கள். இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கச் சான்று பெற்ற ஆர்.வி. டெக்னீசியன் ஒருவர், அழுத்தம் அளக்கும் மானோமீட்டரோடு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஸ்டவ்வின் பர்னர் ஒன்றில் கருவியை மாட்டி, லைனில் கேஸை நிரப்பி, சிலிண்டரை மூடிவிடுவார். பிறகு அழுத்தத்தை 8 அங்குலத் தண்ணீர் அளவுக்கு (தண்ணீரை அத்தனை அங்குலம் உயர்த்தும் அழுத்தம்) இறக்கி மூன்று நிமிடம் காத்திருப்பார். முள் அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கேஸ் லைன் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். தனி ஆளிடம் 'இருக்கிற நிலையில்' என்று எழுதி வாங்கினால், பிறகு போய்க் கேட்க உங்களுக்குப் பெரிதாக வழி இருக்காது.

இனி நசுங்கிய குழாய். வெட்டி இணைக்க வேண்டாம், முழு லைனையும் மாற்றுங்கள் என்பதுதான் என் பதில். இவ்வளவு பழைய டிரெய்லரில் பச்சைப் பூச்சு பெரிய கவலை இல்லை, அது மேல்தோல். கவலை வேறு இடத்தில். செம்பு அதிர அதிர இறுகி, வளையும் தன்மையை இழக்கும். நட்டுக்குள் விரித்துவிட்ட விளிம்புதான் முதலில் கீறும், அதுவும் நட் மறைத்திருக்கும் இடத்தில். நசுங்கிய இடத்தை வெட்டினால் அங்கே புதிதாக இரண்டு மூட்டுகள் வரும். ஆனால் அதே வயதுடைய மற்ற மூட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கும். குழாயின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான். டிரெய்லருக்கு அடியில் படுத்து வேலை செய்யும் நேரத்துக்குத்தான் காசு. எப்படியும் படுக்கப் போகிறீர்கள் என்றால் முழுதாக முடித்துவிட்டு எழுந்திருப்பதே மிச்சம்.

சிலிண்டர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் வெயிலைப் பொறுத்து மாறும்: 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறத்தாழ 110 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 100 டிகிரியில் 170-ஐத் தாண்டும். ஸ்டவ்வுக்கும் ஃபர்னஸுக்கும் வேண்டியது 11 அங்குலத் தண்ணீர், அதாவது அரை பிஎஸ்ஐக்கும் குறைவு. பழைய டிரெய்லர்களில் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் அழுத்தத்தை இறக்கும் ரெகுலேட்டர் இருக்கும். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு இத்தனை ஆண்டில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு இரண்டு கட்ட ரெகுலேட்டர் போடுங்கள். ஒரு சிலிண்டர் காலியானதும் தானே அடுத்ததுக்கு மாறிக்கொள்ளும் வகையே 100 டாலருக்குள் கிடைக்கிறது. காற்றுத்துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, மழையும் ரோட்டுச் சேறும் படாமல் மூடி வையுங்கள். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் இரண்டு குட்டி ஹோஸ்களையும் கையோடு புதிதாக வாங்கிவிடுங்கள்.

குழாய் வாங்கும்போது கேஸுக்கு ஏற்ற செம்பு, அதாவது எல் அல்லது கே வகை, அல்லது ஏசி வேலைக்கு விற்கும் சுருள் என்று கேட்டு வாங்குங்கள். அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டவ்வுக்குப் போகும் கிளைக்கு 3/8 அங்குலம் போதும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் கேஸ் கொண்டுபோகும் முதன்மை லைனுக்கு அது பற்றாமல் போகலாம். ஃபர்னஸும் ஸ்டவ்வும் சேர்ந்து எரியும்போது கடைசியில் இருக்கும் கருவியின் தீ சுருங்கிவிடும். எல்லாக் கருவிகளின் பிடியு அளவையும் (அவை எரிக்கும் வெப்பத்தின் அளவு) கூட்டி, லைனின் நீளத்தோடு சேர்த்துக் குழாய் அளவு அட்டவணையில் பாருங்கள். பின்னாளில் வாட்டர் ஹீட்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இணைப்பு எல்லாம் 45 டிகிரி ஃபிளேர்தான், அதாவது குழாய் முனையைப் புனல்போல விரித்து நட்டால் இறுக்குவது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் இணைப்பு இங்கே ஆகாது, சாதாரண ஈயப் பற்றும் ஆகாது. வெட்டிய முனையின் பிசிறை உள்ளும் புறமும் சீவுங்கள். விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் ஏற்ற மறக்காதீர்கள். விரித்த விளிம்பில் கீறலோ வெடிப்போ தெரிந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி விரியுங்கள். ஃபிளேர் இணைப்பில் டேப்பும் பசையும் கூடாது. அங்கே உலோகத்தோடு உலோகம் அழுந்திதான் கேஸை அடைக்கிறது, நடுவில் எது வந்தாலும் கெடுதல். கேஸுக்கான மஞ்சள் டேப் அல்லது பசை, இரும்புக் குழாயின் சரிவான திரெட்டுக்கு மட்டும். கடையில் விற்கும் மெல்லிய வெள்ளை டேப்பை இதற்குத் தொடவே வேண்டாம்.

லைனைத் தரைக்கு அடியில் கொண்டுபோகும்போது முடிந்தவரை மூட்டு இல்லாமல் ஒரே நீளமாகப் போடுங்கள். மூட்டு வந்தே தீரும் என்றால் கை எட்டி ஸ்பானர் போடக்கூடிய இடத்தில் வரட்டும், சுவருக்குள் புதைக்க வேண்டாம். நான்கு அடிக்கு மிகாமல் ஒரு கிளாம்ப், அதுவும் ரப்பர் உறை போட்டது. தரையில் துளை போட்டு ஏற்றும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். செம்பு நேராக அலுமினியத்தில் உராய்ந்தால், ஈரம் சேரும்போது அலுமினியத்தை அரிக்கும். சக்கரம் கல் எறியும் பாதையிலிருந்து விலக்கி ஓட்டுங்கள். வேலை சுலபம் என்று சிலர் சுவருக்குள் ரப்பர் ஹோஸை இழுத்துவிடுகிறார்கள். வாங்கும் டிரெய்லரில் அப்படிக் கண்டால், முன்பு வேலை பார்த்தவர் வேறு எதிலும் குறுக்குவழி எடுத்திருப்பார் என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

நீங்களே செய்யலாமா? கையில் நிதானம் இருந்தால் குழாய் இழுப்பதையும் கிளாம்ப் போடுவதையும் செய்யலாம். நான்கைந்து துண்டுக் குழாயில் ஃபிளேர் போட்டுப் பழகிவிட்டு டிரெய்லருக்கு வாருங்கள். கடைசிச் சோதனையை மட்டும் டெக்னீசியனிடம் விடுங்கள். மானோமீட்டரில் மூன்று நிமிடம், பிறகு பாதிக் கருவிகள் எரியும்போது ரெகுலேட்டர் 11 அங்குலம் தருகிறதா, எல்லாவற்றையும் அணைத்தால் 14-க்குள் நிற்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சீட்டு இன்சூரன்ஸுக்கும் உதவும், நாளை நீங்கள் விற்கும்போதும் உதவும். நீங்களே கசிவு பார்க்கும்போது கம்ப்ரஸர் காற்றை மட்டும் கருவிகளோடு சேர்த்துச் செலுத்தாதீர்கள். ஸ்டவ்வின் வால்வு தாங்குவது அரை பிஎஸ்ஐதான், உள்ளே கெட்டுப்போகும். சோப்பு நுரை போடும்போது அமோனியா கலந்த பாத்திர சோப்பு வேண்டாம், பித்தளை நட்டுகளை வெடிக்க வைக்கும். கேஸ் கசிவுக்கென்றே விற்கும் திரவம் மலிவானதுதான்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். புது லைன் போட்டு அதன் கடைசியில் அந்தப் பழைய ஃபர்னஸை மாட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தக் கால ஹீட்டர்களில் புகை வெளியே போக வழியே இல்லாதவை உண்டு. பைலட் தீ (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னத் தீ) அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் வசதி இல்லாதவையும் உண்டு. குழந்தைகளோடு தூங்கப் போகும் இடம். அழகுக்காக வைத்துக்கொள்வதென்றால் லைனைப் பிரித்து, முனையை மூடியிட்டு அடைத்துவிட்டு, வெறும் பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கு வெளிக்காற்றை எடுத்து வெளியே புகை விடும் புது ஃபர்னஸ் வாங்குங்கள். சுவர் விளக்குக்கும் இதேதான். எல்இடி விளக்குகள் வந்த பிறகு ஒரு கிளை லைனும் ஒரு மூட்டும் குறைவது லாபம்.

கேள்வி: பழைய டிரெய்லரோடு இரண்டு சிலிண்டர் வந்தது, கைப்பிடி வட்டமாக இருக்கிறது. நிரப்பும் இடத்தில் கொடுத்தால் முடியாது என்கிறார்கள். நல்ல கனமான இரும்பு, தூக்கிப்போட மனமில்லை.

பதில்: அவர்கள் சொல்வது சரி. அளவுக்கு மீறி நிரம்பாமல் தடுக்கும் வால்வு, அடையாளமாக முக்கோணக் கைப்பிடியோடு, 4 முதல் 40 பவுண்டு வரையிலான சிலிண்டர்களுக்கு 1998 அக்டோபரிலிருந்து வந்தது. அது இல்லாத பழைய நிற்கும் சிலிண்டர்களை 2002 ஏப்ரலுக்குப் பிறகு நிரப்புவதில்லை. சிலிண்டரில் 80 சதவீதம்தான் திரவம் இருக்க வேண்டும், மீதி இடம் வெயிலில் விரிவதற்கு. பழைய வால்வில் அது நிரப்புகிறவரின் கவனத்தில்தான் இருந்தது.

மேல்வளையத்தில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 12 ஆண்டு ஆனதும் மறுசோதனை செய்து முத்திரை வாங்க வேண்டும். உங்களுடையதற்குப் புது வால்வும் மறுசோதனையும் செய்வதைவிடப் புதிதாக இரண்டு வாங்குவது பெரும்பாலும் மலிவு. பழையதைக் குப்பையில் போடாதீர்கள். ப்ரோபேன் விற்பவரிடமோ ஊரின் அபாயக் கழிவு மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். கடை வாசலில் காலிக்கு மாற்றிக் கொடுக்கும் 20 பவுண்டு சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். நிறுத்து நிரப்பும் இடத்தில் வாங்கினால் கொடுத்த காசுக்கு முழு கேஸ் கிடைக்கும், உங்கள் சிலிண்டரும் உங்களிடமே இருக்கும். இன்னொன்று, புது வால்வில் உங்கள் பழைய பித்தளைத் திருகு ஹோஸும் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று அதையே வைத்துக்கொள்ள வேண்டாம். கையால் திருகும் புது பிளாஸ்டிக் நட்டில், ஹோஸ் அறுந்து கேஸ் வேகமாகப் பாய்ந்தால் தடுக்கும் அமைப்பும், நெருப்புச் சூட்டில் உருகி வால்வை மூடவிடும் வளையமும் இருக்கின்றன. பழைய திருகில் இரண்டும் இல்லை.

கேள்வி: சென்னையிலிருந்து வரும்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் கொண்டுவந்திருக்கிறோம். அதை டிரெய்லர் ஸ்டவ்வுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஊர் வீடுகளில் வரும் அழுத்தமும் இங்கே ரெகுலேட்டருக்குப் பிறகு வரும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் அந்த டியூப் முனையில் செருகி மாட்டுவது, ஒரே இடத்தில் நிற்கும் அடுப்புக்காகச் செய்தது. மணிக்கு 60 மைலில் குலுங்கும் வண்டியில் செருகிய இணைப்பு நிற்காது. டிரெய்லருக்குள் ஃபிளேர் நட்டோடு செம்புதான்.

கேள்வி: கேஸ் டிடெக்டர் ஒன்று வைத்தால் போதுமா? எங்கே வைப்பது?

பதில்: இரண்டு வேண்டும். ப்ரோபேன் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில், கார்பன் மோனாக்ஸைடு அலாரம் படுக்கும் இடத்துக்கு அருகில் அதன் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில். முதலாவது கசிவைப் பிடிக்கும், இரண்டாவது சரியாக எரியாத கேஸின் புகையைப் பிடிக்கும். இரண்டுக்கும் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். பழைய டிரெய்லரில் விளக்கு எரிகிறது, சத்தம் போடுகிறது என்பதற்காகத் தேதி முடிந்ததை விட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சென்ஸார் அதற்கு முன்பே சோர்ந்துபோயிருக்கும்.

கேள்வி: வண்டி ஓடும்போது சிலிண்டரைத் திறந்து வைக்கலாமா? ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுகிறது.

பதில்: மூடிவிட்டே ஓட்டுங்கள். நன்றாகக் குளிர்ந்த ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வழியில் விபத்து நடந்து லைன் அறுந்தால் மூடிய வால்வுதான் காப்பாற்றும். பெட்ரோல் பங்கில் நுழைவதற்கு முன் பைலட் தீ உட்பட எல்லாம் அணைந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் நட்டில் இருக்கும் தடுப்பு, ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்துக் கேஸைக் குறைத்துவிடும், ஸ்டவ் தீ மெலிதாக எரியும். அப்படி ஆனால் மூடி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி திறந்தால் சரியாகிவிடும்.

ஓஹாயோவிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்டிமோரின் துறைமுகச் சுரங்கப்பாதையிலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதையிலும் டிரெய்லர் சிலிண்டர் அளவு ப்ரோபேனோடு போக அனுமதி இல்லை. முன்பு அதற்கு மாற்றாக இருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி இடிந்துவிட்டதால், 695-ம் எண் சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும்.