தாத்தாவின் கோல்ட் (Colt) பிஸ்டலுக்கு முலாம் பூச வேண்டாம்

தாத்தா இறந்தபின் பீரோவில் கிடைத்த கோல்ட் (Colt) கம்பெனியின் .32 காலிபர் 1903 மாடல் பிஸ்டலுக்கு நிக்கல் முலாம் பூசி ஞாபகார்த்தமாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள். அந்த மங்கிய கருநீலப் பூச்சுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. பாலிஷ் போட்டால் பக்கவாட்டு எழுத்துகளின் கூர்மையும் தேய்ந்துவிடும்.

ஆனால் முதல் வேலை வேறு. லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது, உங்களுக்கு அது செல்லாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நீங்களே பையில் போட்டுக் கிளம்பாதீர்கள், ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரசீது முக்கியம். அப்புறம் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தும் அதில் அடக்கம்.

இன்னொன்று, இதன் சுத்தியல் (சுடும்போது அடிக்கும் பாகம்) உள்ளே மறைந்திருக்கும், அது சுடத் தயாராகப் பின்னால் இழுபட்டிருந்தாலும் வெளியே தெரியாது. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியை) கழற்றினாலும் குழலுக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை யாரும் தொட வேண்டாம்.

திரும்பக் கைக்கு வந்ததும் பிஸ்டலைத் தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், துரு அங்கேதான் தொடங்கும்.