டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்
வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளியலறை பற்றியவை. நாமே செய்துகொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி செய்யலாம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*கேள்வி: அக்கா, எங்கள் குளியலறை டைல்ஸ் நிறம் மங்கிவிட்டது. தரையில் இரண்டு இடத்தில் விரிசலும் இருக்கிறது. உடைக்காமல் பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். சரியாக வருமா?*

ஒட்டலாம். ஆனால் அதற்கு உங்கள் தரை தகுதியானதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாணயத்தால் எல்லா டைல்ஸையும் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டால் பிடிப்பு இருக்கிறது. ‘பொக்’ என்று கேட்டால் அடியில் காற்றுதான். அங்கொன்றும் இங்கொன்றும் பொக்கு என்றால் அவற்றை மட்டும் பெயர்த்துக் கலவை போட்டு நிரப்பலாம். பாதித் தரை பொக்கு என்றால் உடைப்பதே நல்லது. விரிசல் ஒரு டைலில் மட்டும் நின்றால் எதையோ கனமாகப் போட்டிருப்பீர்கள். நேர்கோடாக அடுத்தடுத்த டைல்ஸ்களுக்கும் ஓடினால் அடித்தளமே அசைந்திருக்கிறது. அதை மூடி மேலே ஒட்டினால் அதே கோடு புது டைலிலும் வரும்.

அடுத்தது உயரம். டைலும் பசையும் சேர்ந்து தரை ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். கதவு தட்டாமல் திறக்குமா, அறைத் தரைக்கும் குளியலறைத் தரைக்கும் இடையே போதிய இறக்கம் மிஞ்சுமா, தண்ணீர் போகும் சல்லடையை உயர்த்த வழி உண்டா என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய டைலின் வழுவழுப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் நல்ல முகமூடி கட்டாயம். பசை வாங்கும்போது டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்று பையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் சிமெண்ட் பால் அங்கே பிடிக்கவே பிடிக்காது.

கீழே ஓதம் இருந்தால் மட்டும் இந்த வழியே வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

*கேள்வி: எங்கள் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையில் ஓதம் பரவுகிறது. டைல்ஸ் இடுக்குகளில் ஒயிட் சிமெண்ட் இரண்டு முறை பூசினோம். சில வாரம் நின்று மறுபடி வருகிறது. என்ன செய்வது?*

உங்கள் உழைப்பு வீணாவதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. சிமெண்டால் செய்த எந்த இடுக்குப் பூச்சும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. அது டைலின் ஓரத்தைக் காப்பதற்குத்தான். தண்ணீரைத் தடுக்க வேண்டிய அடுக்கு டைலுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது போடப்படவே இல்லை, அல்லது கிழிந்துவிட்டது.

ஆனாலும் உடைக்கும் முன் கசிவு எங்கிருந்து என்று பிரித்துப் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியில் அளவைக் குறித்துவையுங்கள். யாரும் பயன்படுத்தாமலே மீட்டர் ஓடினாலோ தொட்டியில் அளவு குறைந்தாலோ சுவருக்குள் ஓடும் குழாய்தான் கசிகிறது. அது இல்லை என்றால், தண்ணீர் போகும் துளையைத் துணி வைத்து இறுக்கி அடைத்துத் தரையில் கொஞ்சம் தண்ணீர் கட்டி ஓர் இரவு விடுங்கள். ஓதம் அதிகமானால் தரை. தரையில் தண்ணீர் நிற்கும்போது ஒன்றும் ஆகாமல், அடைப்பை எடுத்ததும் கீழே ஈரம் வந்தால் கழிவுக் குழாயின் இணைப்பு.

தரைதான் என்று தெரிந்தால் கான்கிரீட் தெரியும்வரை உடைத்தே ஆகவேண்டும். அப்புறம் செய்யும் வேலையில் கஷ்டமான வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். தூசி ஒரு துளி இல்லாமல் கழுவுங்கள். குழாய்கள் தரையைத் துளைத்து இறங்கும் இடங்களைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கலவையால் அடையுங்கள். பெரும்பாலான கசிவு இந்த வளையத்தில்தான் ஆரம்பிக்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் கலவையால் சரிவாக உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் வெடிக்கும்.

பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு. சிமெண்டும் பாலிமர் திரவமும் கலந்து பூசும் வகை புதிதாகச் செய்பவர்களுக்கு எளிது. தரை ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. முதல் கோட் இடமிருந்து வலமாக; டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்காக. சுவரில் சுற்றிலும் 30 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். ஷவர் விழும் பக்கம் 180 சென்டிமீட்டர் வரை ஏற்றுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் துளையை அடைத்து, முழுத் தரையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறியுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. குறி தெளிவாக இறங்கியிருந்தாலோ கீழே புது ஈரம் தெரிந்தாலோ அந்த இடத்தைத் தேடி மறுபடி பூசிச் சோதியுங்கள். தொழில்முறை ஆட்களே அவசரத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நீங்களே செய்யும்போது யார் அவசரப்படுத்தப் போகிறார்கள்? தயவுசெய்து இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

*கேள்வி: குளித்த பிறகு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. புதுத் தரை போடும்போது வாட்டம் எவ்வளவு விட வேண்டும்?*

ஒரு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். என் அப்பா கொத்தனார். இதைப் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்த வழி எனக்கு இன்றும் கை கொடுக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனைக்கு அடியில் 2 சென்டிமீட்டர் கனத் துண்டு ஒன்றை ஆணி அடித்துவிடுங்கள். அந்த முனை துளையின் பக்கம் இருக்கும்படி தரையில் வைத்து மேலே ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் வாட்டம் சரி. நான்கு பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

வாட்டத்தை அடிக் கலவையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். டைல் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் ஒரு ஓரம் எழும்பி நிற்கும். பெரிய டைல் நான்கு பக்க வாட்டத்துக்கு வளையாது என்பதால் 30 சென்டிமீட்டர் அளவுக்கு மேல் தரைக்குப் போகாதீர்கள். பசையைப் பல்லுள்ள கரண்டியால் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். ஒன்றை ஒட்டியதும் பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் அதற்குப் பாலிமர் சேர்ந்த பசைதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈர சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

*கேள்வி: எல்லாவற்றையும் நானே செய்ய ஆசை. எதையாவது விட்டுவிட வேண்டுமா?*

மின்சாரத்தை விட்டுவிடுங்கள். உரிமம் உள்ளவரை அழைத்து, ஹீட்டருக்குத் தனி இணைப்பும் எர்த்தும் கொடுத்து, மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். ஈரமான உடம்பில் மின்சாரம் பாய்வது எளிது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எரிவாயு ஹீட்டரும் அப்படித்தான்.

தண்ணீர்க் குழாய் வேலை கற்றுக்கொள்ளக்கூடியது. வெந்நீருக்கு சி.பி.வி.சி. என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய். சுவரை மூடும் முன் தண்ணீரை முழு அழுத்தத்தில் அடைத்துவைத்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். மூடும் முன், பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்டத் துளை போடும்போது குழாயில் இறங்காமல் இருக்கும்.

*கேள்வி: வயதான அம்மாவுக்காகத் தரையை மாற்றுகிறேன். எந்த டைல் வழுக்காது?*

பளபளப்பானது வேண்டாம், மேட் வகையில் பாருங்கள். விவரக் குறிப்பில் இருக்கும் ‘ஆர் 10’, ‘ஆர் 11’ போன்ற எண்கள் காலணியோடு நடப்பதற்கானவை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை உண்டு. குளிக்கும் இடத்துக்கு ‘பி’ கேளுங்கள். கூடவே சுவரில் 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. செங்கல் சுவரில் போல்ட் போட்டு மாட்டி, உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகே அம்மாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை ஆளைத் தாங்காது.

*கேள்வி: அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் நாற்றம் அடிக்கிறது. ட்ராப்பை மாற்ற வேண்டுமா?*

முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். துளைக்கு அடியில் இருக்கும் ட்ராப்பின் வளைவில் நிற்கும் 5 சென்டிமீட்டர் தண்ணீர்தான் கழிவு வாயுவைத் தடுக்கிறது. பயன்படுத்தாவிட்டால் அது வற்றிவிடும். ஊற்றிய பிறகும் நாற்றம் நிற்கவில்லை என்றால்தான் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

*கேள்வி: புது இடுக்குப் பூச்சு சீக்கிரமே கறுத்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?*

வேண்டாம், ஆசிட் அந்தப் பூச்சையே தின்றுவிடும். பிளீச் பயன்படுத்திய தரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். அதற்கும் போகாவிட்டால் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி என்ற பிசின் வகையால் நிரப்புங்கள், சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் பூஞ்சை பிடிக்காத சிலிகான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் காயவிடுங்கள்.