பிராதில் தப்பு விழுந்துவிட்டதா? வாபஸ் வாங்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன். 2024 பிப்ரவரியில் சம்பா நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்குப் போட்டேன். பாக்கி 85,000 ரூபாய் வரவில்லை. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. இப்போது பிராது (வழக்கு மனு) நகலைப் படித்தால் தொகை 58,000 என்று டைப் ஆகியிருக்கிறது. பிரதிவாதியின் அப்பா பெயரும் தவறு. நெல் எடுக்க வந்த அண்ணன் மேல் வழக்கு இருக்கிறது. ஆனால் கடையும் பில்லும் அவர் தம்பி பெயரில். வாபஸ் வாங்கிப் புதிதாகப் போடு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கோர்ட்டு அனுமதி வாங்காமல் வாபஸ் வாங்கினால் அதே பாக்கிக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. அனுமதியோடு வாங்கினாலும், முதல் வழக்கு போடப்படவே இல்லை என்ற கணக்கில்தான் காலவரம்பைப் பார்ப்பார்கள். விற்ற சரக்குக்குப் பணம் கேட்க மூன்று வருடம்தான். தவணை பேசாமல் கொடுத்திருந்தால், நெல் ஏற்றிய தேதியிலிருந்து அது ஓடுகிறது. உங்களுக்கு 2027 பிப்ரவரியோடு முடிகிறது. ‘இத்தனை நாளில் தருகிறேன்’ என்று பேசியிருந்தால் அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்து கணக்கு.

உங்கள் மூன்று தப்புகளில் நான் பயப்படுவது ஆள் மாறியதற்குத்தான். தம்பியைப் புதிதாகப் பிரதிவாதியாகச் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை சேர்த்த நாளில்தான் வழக்கு தொடங்கியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று வருடம் தாண்டிவிட்டால் அவர் தப்பிவிடக்கூடும். நல்லெண்ணத்தில் நடந்த பிழை என்று கோர்ட்டு திருப்தி அடைந்தால், பழைய தேதியையே கொடுக்கக் காலவரம்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. வரும் வாய்தாவுக்கு முன்பே தம்பியைச் சேர்க்க இடைமனு (நடக்கும் வழக்கிலேயே போடும் மனு) போடச் சொல்லுங்கள். உரிமையாளர் ஒருவரே என்றால் கடைப் பெயரிலேயே வழக்குப் போடவும் சட்டம் அனுமதிக்கிறது. தம்பியின் பெயர், கடைப் பெயர் இரண்டும் வரட்டும். அண்ணனை உடனே நீக்க வேண்டாம். நெல்லை எடுத்தவர் அவர். யாருக்காக எடுத்தார் என்பதை அவரே சொல்லட்டும்.

அடுத்தது தொகை. 58,000-க்குத் தீர்ப்பு வாங்கிவிட்டு மிச்ச 27,000-க்குத் தனி வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே கொடுக்கல் வாங்கலில் விட்ட பகுதியை அப்புறம் கேட்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனால் பிராதைத் திருத்தக் கேட்கும் மனுவில் 85,000 என்று எழுதி, கூடுதல் தொகைக்கான கோர்ட் பீஸையும் கட்டத் தயாராக இருங்கள். பில், எடைச் சீட்டு, வியாபாரி கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு எதுவானாலும் பிரமாணப் பத்திரத்தோடு வையுங்கள். எண் இடம் மாறியது டைப்பிங் பிழை என்பதற்கு அவையே சாட்சி.

அப்பா பெயர் சின்ன விஷயம் போலத் தெரியும். டிக்ரி (தீர்ப்பின்படி வரும் கோர்ட்டு ஆணை) வாங்கிய பிறகுதான் அது கடிக்கும். சொத்தை ஜப்தி செய்யப் போகும்போது பட்டாவில் ஒரு பெயர், டிக்ரியில் ஒரு பெயர் என்றால் எதிராளிக்கு அது போதும். அதே மனுவிலேயே சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஏற்ற நேரம் இதுதான். வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தம் கேட்கலாம் என்பது பொது விதி. ஆனால் 2002-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். நகல் உங்கள் கையிலேயே இருக்கும்போது அதைக் காட்டுவது கஷ்டம்.

தாக்கல் செய்த பிராதில் நீங்களாகவோ குமாஸ்தாவோ பேனாவால் அடித்துத் திருத்தக் கூடாது, ஒரு எழுத்தாக இருந்தாலும். வக்கீலுக்குப் பணம் கட்ட முடியவில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

மனு அனுமதிக்கப்பட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உத்தரவில் கெடு சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் திருத்திய பிராதைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், கோர்ட்டு கெடுவை நீட்டித்தாலொழிய, திருத்த முடியாது. தம்பிக்குப் புது சம்மன் போக வேண்டும், அதற்கான பேட்டாவையும் (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டிவிடுங்கள்.