நியூட்ரலை எர்த்தோடு இணைத்தால் ஷாக் நிற்குமா?

கேள்வி: வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டால் ஜிவ்வென்று இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் எர்த் வயரே ஓடவில்லை என்று சொன்ன எலக்ட்ரீஷியன், சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்தில் முடிந்துவிட்டுப் போனார். இப்போது ஷாக் இல்லை. எம்.சி.பி.யும் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது. இனி பயமில்லைதானே?

பதில்: பயப்பட வேண்டியதே இனிமேல்தான். மெயினை அணைத்துவிட்டு முதலில் அந்தத் துண்டு வயரைக் கழற்றச் சொல்லுங்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஃபிரிட்ஜின் உடம்பில் வோல்டேஜ் ஏறாது, சரி. ஆனால் அந்த சாக்கெட்டுக்கு முன்னால் எங்கேயோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்து நியூட்ரல் விட்டுப்போனால், பேஸில் வரும் மின்சாரம் ஃபிரிட்ஜுக்குள் நுழைந்து, திரும்பிப் போக வழியில்லாமல், எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்த அந்தத் துண்டு வயர் வழியாகவே வெளித்தகட்டுக்கு வந்து 230 வோல்ட்டாக நிற்கும். ஃபிரிட்ஜில் ஒரு பழுதும் இருக்காது. ஓடாமல் நிற்கும், அவ்வளவுதான். ஏன் ஓடவில்லை என்று பார்க்க நீங்கள்தான் போய்க் கையை வைப்பீர்கள்.

அப்புறம் எம்.சி.பி. அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழுவதைப் பற்றியே யோசிக்கும். நெஞ்சு வழியாக 50 மில்லியாம்பியர் சில நொடி ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

சரி, எர்த் வயரை மண்ணில் இறக்கும் எர்த் குழி போட்டுவிட்டால்? கட்டாயம் போடுங்கள். ஆனால் கணக்கையும் பாருங்கள்: குழியின் தடை 20 ஓம் என்றால், பேஸ் தகட்டில் பட்டதும் ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது, தகட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் வேண்டும் என்கிறேன். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும், குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். எர்த்தும் இருந்தால் பழுது வந்த உடனேயே விழும். எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்டு, உங்கள் உடம்பு வழியாக ஓடிய பிறகுதான் விழும்!

குழி போட்ட பிறகு எர்த் டெஸ்டர் கருவியால் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் தடை ஏறும், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டுகிற யோசனை இது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரின் கம்பிச்சுருளோ ஈரம் புகுந்த மோட்டாரோ மாட்டும். எதுவும் மாட்டவில்லையென்றால் வயரிங்கில் நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று உருண்டைப் பின் உள்ள பிளக்கில் ஒன்று மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது?

பதில்: அதுதான் எர்த். சொருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும், அதற்குத்தான் நீளம். தடிமன், தப்பித்தவறி பேஸ் துளைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு பின் அடாப்டரில் மாட்டி இஸ்திரிப் பெட்டி போடுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது.